எகிப்துக் கொப்பியில் ஒரு தாள்

எகிப்துக்கு நான் போனதில்லை. ஆனால் போகிறவர்களுக்குச் சொல்வதற்கு எண்பது பக்கக் கொப்பி நிறைய விஷயம் எழுதி வைத்திருக்கிறேன். ஒட்டகக்காரனிடம் ஏறுவதற்கு மட்டும் விலை பேசக்கூடாது, இறங்குவதற்கும் சேர்த்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் மேலே உட்கார்ந்தபடியே இரண்டாவது பேரம் தொடங்கிவிடும். கழிப்பறை வாசலில் கடதாசி நீட்டுகிறவருக்குக் கொடுக்கச் சின்ன நோட்டுகள் பையில் இருக்க வேண்டும். பிரமிட்டுகளைப் பார்க்க வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்க வேண்டும். சுற்றுலா பஸ்கள் வந்த பிறகு போனால் மற்றவர்களின் முதுகைத்தான் பார்க்கலாம். விமான நிலையத்தில் இறங்கியவுடன் வங்கிக் கவுண்டரில் விசா ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டுதான் குடிவரவு வரிசைக்குப் போக வேண்டும். எதையாவது விற்க வருகிறவரிடம் ‘லா ஷுக்ரன்’, அதாவது வேண்டாம் நன்றி, என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிற்காமல் நடக்க வேண்டும். நின்று இரண்டாம் முறை சொன்னால் வியாபாரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் குசினி மேசையை விட்டு அசையாமலே எனக்குத் தெரியும்.

ஏன் எகிப்து என்று கேட்பார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒரு வருஷம் பிள்ளைகளை நகரத்துப் பெரிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் போதாமல் என்னையும் அனுப்பினார்கள். பிள்ளைகள் மம்மியைப் பார்க்க ஓடினார்கள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பாண் இருந்தது, மாவு பிசைந்து சுட்ட ரொட்டி. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் எகிப்தில் யாரோ சுட்டு, செத்துப்போன யாருக்கோ சாப்பிட வைத்துவிட்டுப் போன பாண். கறுத்து இறுகிப் போயிருந்தாலும் அது பாண்தான், பார்த்தவுடன் தெரிந்தது. நான் நாள் முழுக்கச் சமைக்கிறேன், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்தப் பாணைச் சுட்டவள்மீது எனக்கு அந்த இடத்திலேயே பொறாமை வந்தது. அவளுடைய ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து சேர்க்கத் தொடங்கினேன். நூலகத்தில் எடுத்த புத்தகங்கள், யூடியூப்பில் பயணம் போனவர்கள் போட்ட வீடியோக்கள், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். எங்கள் சமையலறையிலேயே பாத்திரம் கழுவும் பகுதியில் எகிப்துக்காரி ஒருவர் இருக்கிறார். நைல் கரையில் பிறந்தவர். தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவர் சொல்லுவார், நான் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு எழுதுவேன். கெய்ரோவில் வீதியைக் கடப்பது எப்படி என்று அவர்தான் சொன்னார்: கடக்கப் போகிற உள்ளூர் அம்மா ஒருவருக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள், அவர் கால் எடுத்து வைத்தால் நீயும் வை, கார்களைப் பார்க்காதே. இப்படிப்பட்ட விஷயம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து நகர மாட்டார். மணலைப் பார்க்க ஏன் விமானம் ஏற வேண்டும், சௌத்எண்ட் கடற்கரையில் இல்லாத மணலா என்று கேட்பார். ஆகவே கொப்பி நிறைந்துகொண்டு போனது. நான் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன்.

இப்போது மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு, லண்டனுக்கு வந்து லூயிஷாமில் குடியேறியவள். அவளுடைய புருஷன் அங்கே ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குப் பின்னால் லண்டனுக்கு வந்தவர்கள், எங்களுக்கு முன்னால் வீடு வாங்கினார்கள். எங்களுக்கு முன்னால் கார். என் குசினி அலுமாரிக் கதவு ஒன்று இப்போதும் கையால் தாங்கிப் பிடித்தால்தான் மூடும். அவளுடைய அலுமாரிகள் தொட்டாலே சத்தமில்லாமல் தாங்களாக மூடிக்கொள்ளும். நான் அந்த வீட்டுக்குப் போய் வந்த இரவெல்லாம் என் கதவை ஓங்கி அடித்து மூடியிருக்கிறேன். பாவம், கதவு என்ன செய்யும்.

எனக்கென்று இருந்தது எகிப்து ஒன்றுதான். தொலைக்காட்சியில் பிரமிட்டைக் காட்டினால் எங்கள் உறவுக்குள் எல்லோரும் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். மச்சாளும் எடுப்பாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது.

ஒரு தீபாவளிச் சாப்பாட்டின்போது நாலு பேருமாக எகிப்துக்குப் போவது என்று பேச்சு வந்தது. நான் வேலை செய்வது பள்ளிக்கூடத்தில் என்பதால் பிப்ரவரி விடுமுறையில்தான் என்னால் வர ஏலும். குளிர்காலம்தான் அங்கே நல்ல காலமும், வெயில் சுடாது. மச்சாள் தலையை ஆட்டினாள். என் கணவர்கூடச் சரி என்றார். வாய் நிறையச் சோறு இருந்ததால் மறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து கொப்பிக்கு மட்டை போட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை மச்சாள் வந்தாள். வழக்கமாகப் போன் எடுக்காமல் வர மாட்டாள். தேநீர் ஊற்றி வைத்தேன். அவள் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள்.

“மச்சாள், நாங்கள் ரெண்டு பேரும் திங்கக்கிழமை எகிப்துக்குப் போறம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாவூறு பட்டிடும் எண்டு இவர் சொல்லிப்போட்டார்.”

எங்களில் இது ஒரு வழக்கம். பயணம், வீடு வாங்குவது, கல்யாணப் பேச்சு எதுவானாலும் முடிகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நானும் அப்படித்தான், என் மகனுக்கு வேலை கிடைத்ததை முதல் சம்பளம் வரும்வரை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் என்னிடமே மறைத்தால், அந்தக் கண் யாருடைய கண்? என்னுடையதுதானே?

பிப்ரவரியில் டிக்கெட் விலை ஏறிவிடும், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இப்போதுதான் கிடைத்தது, நீங்கள் பிறகு ஆறுதலாகப் போகலாம்தானே என்றெல்லாம் சொன்னாள். எல்லாம் நியாயமான காரணம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கடைசியில் வந்த வேலையைச் சொன்னாள். கொப்பி வேண்டுமாம்.

அப்போது அவளுக்குப் போன் வந்தது. கடையில் எதையோ காணவில்லை என்று அவள் புருஷன் கூப்பிட்டிருந்தார். அவள் பேசிக்கொண்டே முன் அறைக்குப் போனாள். நான் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து கொப்பியை எடுத்தேன். முதலில் முழுக் கொப்பியையும் காணவில்லை என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு புரட்டினேன். எது இல்லாமல் போனால் அவளுக்கு வலிக்கும் என்று தேடித்தான் புரட்டினேன், கை தவறி நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

நடுவில் ஒரு தாள். மேலே சிவப்பு மையில் ‘கட்டாயம் தவிர்க்க வேண்டியவை’ என்று தலைப்பு. எகிப்துக்காரி சொல்லச் சொல்ல எழுதியது. தங்கள் ஆட்களே லண்டனிலிருந்து ஊருக்குப் போனால் முதல் வாரம் இதையெல்லாம் தொட மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். கீழே ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று விவரமாக, கண்டவுடன் அடையாளம் தெரிவதற்காக எழுதியிருந்தேன். தெருவோரக் கரும்புச்சாறு: பச்சை நிறம், உயரமான கிளாஸ், மேலே நுரை, ஐஸ் போட்டுத் தருவார்கள். வண்டியில் வெட்டி அடுக்கிய பழம். நைல் படகுப் பயணத்தில் வைக்கும் பச்சைச் சலாட். சந்தையில் தட்டில் திறந்து வைத்திருக்கும் வெள்ளைப் பால்கட்டி.

முன் அறையில் அவள் பேச்சு முடிகிற மாதிரிக் கேட்டது. பிடித்துக் கிழித்தேன். தாள் நேராக வரவில்லை. மேல் பாதி முழுதாக வந்தது, கீழே ஒரு துண்டு கம்பி குத்திய இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதை எடுக்க நேரம் இல்லை. கொப்பியை மூடி அவள் கையில் கொடுத்தேன். கிழித்ததை மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கீழே தள்ளினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் அவர்கள் அங்கே இருந்தார்கள். எனக்கு அது ஒன்பது மாதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை, மத்தியானம், மாலை என்று வேளை தவறாமல் படம் வந்தது. வாசல் திறந்த நேரத்தில் பிரமிட்டு, முன்னால் ஒருவரும் இல்லை. அது என் கொப்பியில் ஏழாம் பக்கம். ஒட்டகத்தில் மச்சாள், முகத்தில் சிரிப்பு. ஏறவும் இறங்கவும் ஒரே விலை பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது, பன்னிரண்டாம் பக்கம். லக்சரில் அரசர்களின் சமாதிக்குள் நிமிர்ந்து பார்க்கிறாள், மேலே நீல நிறக் கூரை முழுக்க மஞ்சள் நட்சத்திரம். அந்த நட்சத்திரங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கிழங்கு மசித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். கிழங்கு அன்று கூழாகிப் போனது.

ஐந்தாம் நாள் ஒரு படம் வந்தது. மச்சாள் தெருவோரத்தில் நிற்கிறாள். கையில் உயரமான கிளாஸ். உள்ளே பச்சை நிறம், மேலே நுரை, நுரைக்கு மேலே ஐஸ்.

நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். குடிக்காதேங்கோ என்று ஒரே ஒரு சொல். குடித்து முடித்திருந்தாலும் இரண்டாவது கிளாஸையாவது தடுத்திருக்கலாம். எகிப்துக்காரி பக்கத்தில்தான் நின்றார், எட்டிப் பார்த்துவிட்டு அவருடைய மொழியில் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். நான் அந்தப் படத்துக்குக் கீழே உயர்த்திய கட்டைவிரல் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன்.

அவர்கள் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை லூயிஷாமில் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார, மச்சாள் படங்களைப் பெரிதாகப் போட்டு விளக்கினாள். சிலர் தாங்களும் போகப்போவதாகச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். சின்ன நோட்டு வைத்திருங்கோ என்றாள். வீதியைக் கடக்க உள்ளூர் அம்மா ஒருவரைப் பிடியுங்கோ என்றாள். தோளை மூட ஒரு சால்வை எப்போதும் பையில் இருக்கட்டும் என்றாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். என் நெய்யை அள்ளி அள்ளி ஊற்றினாள். எனக்கு ஒரு சொல்கூடக் குறையாமல் முன்கூட்டியே தெரியும், ஆனால் நான் போகாதவள். போகாதவளின் வாயிலிருந்து வந்தால் அது புத்தகப் படிப்பு, போனவளின் வாயிலிருந்து வந்தால் அனுபவம். ஒரு இடத்தில் என்னைத் திருத்தவும் செய்தாள். மச்சாளின் கொப்பியில் டிக்கெட்டுக்குக் காசு கொண்டுபோகச் சொல்லியிருக்கு, இப்போது பெரிய இடங்களில் கார்ட் மட்டும்தான் எடுக்கிறார்கள் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். கடவாய்ப் பல் வலித்தது.

அன்று அவள் சோறும் ரசமும் மட்டும் எடுத்தாள் என்பதைக் கவனித்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. அங்கேயே கடைசி இரண்டு நாளும் ஹோட்டல் அறையை விட்டு இரண்டு பேரும் வெளியே வரவில்லையாம். தெற்கே மலையில் குடைந்த அபு சிம்பல் கோயிலுக்கு விடிய முதலே புறப்படும் பஸ்ஸுக்குப் பதிவு செய்திருந்தார்கள். அதற்குப் போகவில்லை. இதைக் கேட்டபோது எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அபு சிம்பலாவது எனக்கு மிச்சம்.

அவள் புருஷன் நாலு நாளில் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். அவள் எழும்பவில்லை. டாக்டரிடம் போனாள், பரிசோதனை செய்தார்கள், கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். வயிற்றால் போவது நின்றது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வாரமும் தண்ணீர்க் கஞ்சிதான். அந்தச் சந்தோஷம் எப்போதோ ஓடிப்போயிருந்தது. வேலையில் சலாட் இலையை இரண்டு மூன்று தரம் கழுவத் தொடங்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு நாள் போன் எடுத்தாள். குரலே இல்லை.

“மச்சாள், இது நாவூறுதான். போட்ட படத்துக்கெல்லாம் கண் பட்டிட்டுது. உங்கட கைதானே நல்ல கை, ஒருக்கா வந்து கழிச்சு விடுங்கோ.”

எங்கள் குடும்பத்தில் நாவூறு கழிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை பால் குடிக்காமல் அழுதால், யாராவது புதுக் காரை இடித்துக்கொண்டு வந்தால், நான் போவேன். காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, ஆளைச் சுற்றி மூன்று முறை கழித்து, நெருப்பில் போட வேண்டும். மிளகாய் எரிந்து நெடி எழும்பி எல்லோரும் இருமினால் கண் ஒன்றும் இல்லை. மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண் பட்டது உண்மை, அதுவும் கிட்டத்துக் கண். எத்தனையோ பேருக்குக் கழித்திருக்கிறேன், ஒருமுறையும் பயந்ததில்லை. இந்த முறை டிஎல்ஆர் ரயிலில் போகும்போது பயந்தேன். நெடி வராவிட்டால் அவள் யாரை நினைப்பாள்? மச்சாளுக்கு மூளை இல்லாமல் இல்லை.

ஆகவே நான் ஏற்பாட்டோடு போனேன். வழக்கமாக மூன்று மிளகாய் போதும். பையில் ஒரு கைப்பிடி கொண்டுபோனேன், ஈஸ்ட் ஹாம் கடையில் அன்று காலை வாங்கிய நல்ல காரமானது. அவளுடைய குசினிக்குள் போனவுடன் புகை இழுக்கும் விசிறியை நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். குளிர் வரும் என்றேன்.

அவளைக் கிழக்குப் பார்க்க நாற்காலியில் இருத்தினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. மிளகாயையும் உப்பையும் பொத்திக்கொண்டு சுற்றத் தொடங்கினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: ஊரார் கண், உறவார் கண், கண்ட கண், காணாத கண், எல்லாக் கண்ணும் எரிஞ்சு போகட்டும். ‘உறவார் கண்’ என்ற இடத்தை வேகமாகச் சொல்லித் தாண்டினேன். மூன்று சுற்றிலும் அப்படித்தான் தாண்டினேன். வழக்கப்படி அவள் என் கைக்குள் மூன்று முறை துப்பினாள்.

அடுப்பில் பழைய தாச்சிச் சட்டியைச் சூடாக்கி மிளகாயைப் போட்டேன். அவளுடைய அடுப்பில் நெருப்பு இல்லை, மின்சாரத்தில் சூடாகும் கறுப்புக் கண்ணாடிதான். மிளகாய் சும்மா கிடந்தது. மெல்லக் கறுத்தது. நான் குனிந்து மோந்தேன். ஒன்றும் இல்லை. சூட்டை இன்னும் கூட்டினேன். ஒன்றும் இல்லை. கைப்பிடி மிளகாய், ஒரு தும்மல்கூட வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் உண்மைதான், அது இப்போது என்னைப் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து மச்சாள் பேசினாள். மெதுவாகப் பேசினாள்.

“மச்சாள், ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. உங்கட கொப்பியில ஒரு தாள் கிழிஞ்சு கிடந்தது. அடித் துண்டு மட்டும் மிச்சம், அதில சாப்பாட்டுச் சாமான் எழுதிக் கிடந்தது. நல்ல சாப்பாடெல்லாம் நான் ருசி பாக்கக்கூடாதெண்டு நீங்கள் ஒளிச்சுப்போட்டியள் எண்டு நினைச்சன். அந்த எரிச்சலில அதில கிடந்த ஒண்டையும் விடேல்லை. கரும்புச்சாறு மட்டும் ரெண்டு தரம் குடிச்சனான்.”

நான் திரும்பவில்லை. தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருத் தெருவாகத் தேடி, என் துண்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றொன்றாக அடையாளம் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாள். பச்சை நிறம், சரி. மேலே நுரை, சரி. இவ்வளவு விவரமாக எழுதிய என் கையை என்ன செய்வது?

அப்போதுதான் நெடி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை, கைப்பிடி மிளகாயும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. தொண்டைக்குள் கம்பி விட்டது போல இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமத் தொடங்கினோம். புகை எச்சரிக்கை மணி அலறியது, மேல்மாடியில் இருந்ததும் சேர்ந்து அலறியது. நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் தோட்டத்துக்குப் போனேன். அவள் சுவரில் சாய்ந்து, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

கண் ஒன்றும் இல்லை, பாத்தீங்களே என்றாள். என்ன ஒரு நெடி என்றாள். யாரையெல்லாமோ சந்தேகப்பட்டுவிட்டேன் என்றாள்.

நான் அப்படியே விட்டிருக்கலாம். மிளகாயே சாட்சி சொல்லிவிட்டது. விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கைப்பிடி போட்டு நானே வாங்கிய சாட்சி. ஆனால் அவள் அந்தக் குளிரில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தபோது மணிக்கட்டைப் பார்த்தேன், வளையல் முழங்கை வரை போய்த் திரும்பி வந்தது.

“அது நல்ல சாப்பாடு இல்லை, மச்சாள். ‘கட்டாயம் தவிர்க்க வேண்டியவை’ எண்டு சிவப்பு மையில தலைப்பு மேல்பாதியில இருந்தது. நான்தான் கிழிச்சனான்.”

அவள் சிரிப்பு நின்றது. உள்ளே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ திரையை விலக்கிப் பார்த்தார்கள். அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

“நான் கரும்புச்சாறு குடிக்கிற படம் போட்டனான் தானே. நீங்கள் கட்டைவிரல் போட்டனீங்கள்.”

ஓம் என்றேன்.

அவள் உள்ளே போய் மணியை நிறுத்தினாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். நான் தாச்சியைக் கழுவி வைத்தேன். அலுமாரிக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. வாசல் வரைக்கும் வந்து, கவனமாகப் போங்கோ என்று மட்டும் சொன்னாள். ரயிலில் வரும்போது அழுதேன். என் கோட் முழுக்க மிளகாய் நெடி என்பதால் எதிரில் இருந்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் அவள் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் தேறிவிட்டாள், இடியப்பம் சாப்பிடுகிறாள் என்று என் கணவர் மூலம் தெரிந்தது. அந்த மாதம் முழுக்க ஒரு பயம் இருந்தது. அவள் இதை எல்லோருக்கும் சொல்வாள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. உறவுக்குள் எந்தக் குழந்தைக்கும் நாவூறு கழிக்க இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள், என்னைக் கண்டால் குழந்தைகளைத்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள்.

லூயிஷாம் சிவன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு அவளைக் கண்டேன். சாப்பாட்டு மண்டபத்தில் நாலைந்து பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி குடும்பத்தோடு எகிப்துக்குப் போகப்போகிறாளாம், வழக்கம் போல மச்சாளிடம் விசாரிக்கிறாள். மச்சாள் வயிற்றுக் கதைக்கு வந்திருந்தாள். கரும்புச்சாறு தொடாதேங்கோ, வெட்டின பழம் தொடாதேங்கோ, தோலுரிக்கிற பழம் என்றால் நீங்களே உரித்துச் சாப்பிடுங்கோ, பல் துலக்கவும் போத்தல் தண்ணீர்தான் என்று அடுக்கினாள். இவ்வளவு தெரிந்த நீங்கள் எப்படி மாட்டிக்கொண்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் பிரசாதத் தட்டோடு இரண்டு அடி தள்ளி நின்றேன். மச்சாள் என்னைக் கண்டுவிட்டாள்.

“கொப்பியில ஒரு தாள் கிழிஞ்சு போச்சு,” என்றாள். “சூட்கேஸுக்குள்ள திணிக்கேக்க கிழிஞ்சது. என்ர பிழை. அந்தா நிக்கிறா மச்சாள், அவவிட்டைக் கேளுங்கோ. எனக்குச் சொல்லித் தந்ததே அவதான்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒட்டகத்திலிருந்து தொடங்கினேன். டிக்கெட்டுக்குக் கார்ட் கொண்டுபோகச் சொன்னேன். அபு சிம்பலுக்குப் போகிற நாளைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளி வைக்காதீர்கள் என்றேன். மச்சாள் பக்கத்தில் நின்று, தெரியாதவள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துத் தந்தாள். டிஎல்ஆரில் இடம் கிடைத்ததும் பிரித்துப் பார்த்தேன். ஓரங்களில் அவளுடைய கையெழுத்தில் திருத்தங்கள். நட்சத்திரக் கூரையைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்துக்குக் கீழே ‘உண்மை’ என்று ஒரு சொல். கிழிந்த இடத்தில் புதுத் தாள் ஒன்று அளவாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. சிவப்பு மையில் தலைப்பு, ‘கட்டாயம் தவிர்க்க வேண்டியவை’. கீழே ஒன்று முதல் வரிசையாகக் கரும்புச்சாறு, ஐஸ், வெட்டிய பழம், பச்சைச் சலாட், வெள்ளைப் பால்கட்டி. ஆறாவதாக என் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்திருந்தாள்: ‘மச்சாள் போடுற கட்டைவிரல்’.

ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்து முடிகிற போதே உள்ளே பழைய முள் குத்தியது. இத்தனை வருஷம் எழுதிய எண்பது பக்கத்திலும் இப்படி ஒரு வரி என்னிடம் இல்லை. எகிப்தையும் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள், கொப்பியின் நல்ல வரியையும் அவளே எழுதிவிட்டாள்.